கனமழைக் காலத்தில் ஊர்ச்சாலைகளைப் பழுதுபார்த்துப் பராமரிக்கும் முறை

மழைக்காலத்தில் ஊர்ச்சாலை கெட்டுப்போனால், பாரவண்டிகள்தாம் கெடுத்தன என்று பலரும் சொல்வார்கள். வண்டிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால், காய்ந்து இறுகிய சாலையில் பல மாதங்கள் ஓடியும் பெரிய தீங்கு செய்யாத அதே வண்டி, மண் நீரை உறிஞ்சி இளகிய பின் ஒரே நாளில் அதை உழுது போட்டுவிடுகிறது. சக்கரத் தடத்தில் நீர் தேங்குகிறது. தேங்கிய நீர் இன்னும் ஆழமாக இறங்குகிறது. அடுத்த வண்டி தடத்தை மேலும் ஆழமாக்குகிறது. சாலையின் பாரத்தை இறுதியில் தாங்குவது அடியிலுள்ள இயற்கை மண்தான் என்றும், அதை உலர்வாக வைத்திருப்பதே சாலை அமைப்பவரின் முதல் கடமை என்றும் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் லூடன் மக்கடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வலியுறுத்தினார். தார், சிமென்ட், இயந்திரங்கள் எல்லாம் வந்த பிறகும் இந்த உண்மை மாறவில்லை. ஆகவே இங்கே சொல்லப்படும் வேலைகளில் பெரும்பாலானவை நீரைப் பற்றியவை. குழி அடைப்பது அதற்குப் பின்னர்தான் வருகிறது.

மழை தொடங்குவதற்கு முன்

4 மீட்டர் அகலமும் 1 கிலோமீட்டர் நீளமும் உள்ள ஒரு சாலையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்தச் சாலைப் பரப்பின் மீது மட்டும் 1,00,000 லிட்டர் நீர் விழுகிறது. இருபுறத்து நிலங்களிலிருந்து வரும் நீர் இந்தக் கணக்கில் சேரவில்லை. இவ்வளவு நீரும் சாலையின் நீளவாட்டில் ஓடாமல், விழுந்த இடத்திலிருந்து மிகக் குறுகிய வழியில் பக்கவாட்டில் இறங்கிவிட வேண்டும். அதற்காகவே சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் அமைக்கப்படுகின்றன. மண் சாலைக்கும் சரளைச் சாலைக்கும் இந்தக் குறுக்குச் சரிவு ஏறத்தாழ 5 விழுக்காடு இருக்க வேண்டும். நீர் எளிதில் வழுக்கி ஓடும் தார்ச்சாலைக்கு 2.5 முதல் 3 விழுக்காடு போதும். மண் சாலையில் சரிவு 3 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நீர் ஓடாமல் நின்றுவிடும். 7 விழுக்காட்டைத் தாண்டினாலும் தொல்லைதான். ஓட்டுநர்கள் சறுக்கலுக்கு அஞ்சி எல்லாரும் நடுவிலேயே ஓட்டுவார்கள், நடுவில் இரு தடங்கள் விழும், அந்தத் தடங்களே வாய்க்கால்களாகிவிடும்.

இந்தச் சரிவை அளப்பதற்குப் பொறியியல் கருவிகள் தேவையில்லை. சாலையின் நடுவில் ஒரு முளையும், அங்கிருந்து 2 மீட்டர் தொலைவில் ஓரத்தில் மற்றொரு முளையும் நட்டு, நடுமுளையின் அடியிலிருந்து ஓரமுளைக்கு ஒரு கயிற்றை ரசமட்டத்தின் உதவியால் மட்டமாகக் கட்ட வேண்டும். ஓரமுளையில் கயிற்றுக்கும் தரைக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருந்தால் சரிவு 5 விழுக்காடு. 100 மீட்டருக்கு ஓரிடமாக இப்படி அளந்து, எங்கெல்லாம் 6 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கிறதோ அங்கெல்லாம் அடையாளமிட்டு, மழைக்கு முன்பே மேற்பரப்பைச் சீவி நடுவில் சேர்த்து, ஈரப்படுத்தித் திமிசுக்கட்டையாலோ உருளையாலோ இறுக்கிவிட வேண்டும்.

சாலையின் மேற்பரப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும், ஓரம் உயர்ந்திருந்தால் பயனில்லை. பராமரிப்பில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. வண்டிகள் ஒதுக்கும் மண்ணும் காற்று கொண்டுவரும் தூசியும் ஓரத்துப் புல்லில் சிக்கி, ஆண்டுக்குச் சிறிது சிறிதாக உயர்ந்து, கடைசியில் சாலையின் இருபுறமும் ஒரு சிறு வரப்பே உருவாகிவிடுகிறது. அதன் பிறகு மழைநீருக்குப் பக்கக் கால்வாய்க்குப் போக வழி கிடையாது; அது ஓரமாகவே ஓடிச் சாலையின் விளிம்பை அரிக்கும், அல்லது தாழ்வான இடத்தில் குளம்போல் நிற்கும். தார்ச்சாலைகளின் விளிம்பு துண்டு துண்டாகப் பெயர்ந்து விழுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். மண்வெட்டியால் அந்த வரப்பைச் சீவி, ஓரத்தைச் சாலையின் சரிவைவிடச் சற்றே கூடுதலான சரிவுக்குக் கொண்டுவருவது பணச் செலவே இல்லாத வேலை. உழைப்பு மட்டும்தான் தேவை. முழு நீளத்தையும் சீவ ஆட்கள் இல்லாவிட்டால், தாழ்வான இடங்களில் 5 மீட்டருக்கு ஒன்றாக வரப்பில் வாய் வெட்டிவிட்டாலும் பெரும்பகுதி நீர் வெளியேறிவிடும். மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்தும் கிரேடர் இயந்திரம் ஓடிய சாலைகளில், அது ஒதுக்கிவிட்டுப் போன மண்வரிசை இரு ஓரங்களிலும் அப்படியே கிடக்கிறதா என்று தவறாமல் பார்க்க வேண்டும். நீருக்கு அதுவும் ஒரு வரப்பே.

அடுத்தது பக்கக் கால்வாய். அதன் அடித்தளம் 40 முதல் 50 சென்டிமீட்டர் அகலத்துடன் தட்டையாகவும், பக்கங்கள் சாய்வாகவும் இருப்பது நல்லது. கூர்மையான அடியுடன் ஆழமாக வெட்டிய கால்வாய் பார்வைக்கு நேர்த்தியாகத் தோன்றினாலும், நீரின் வேகம் ஒரே கோட்டில் குவிவதால் அது தன் அடியைத் தானே அரித்துக்கொண்டு போகும். தூர்வாரும்போது வண்டல், கிளை, குப்பை ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். ஆனால் கால்வாயின் பக்கச் சரிவுகளில் வளர்ந்த புல்லை வேரோடு பிடுங்கக் கூடாது. குட்டையாக வெட்டிவிட்டால் போதும். மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வேர்தான். வாரிய வண்டலைச் சாலையின் மீது பரப்புவதும் கூடாது. அது பெரும்பாலும் நுண்மையான களியாக இருப்பதால், முதல் மழையிலேயே வழுக்கும் சேறாக மாறிவிடும். கால்வாயின் வெளிப்புறத்தில், மீண்டும் உள்ளே கரைந்து வராத தொலைவில் கொட்ட வேண்டும்.

ஓடிவரும் நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கால்வாய் நெடுந்தூரம் போகப்போக நீரின் அளவும் வேகமும் பெருகும். எனவே 20 முதல் 50 மீட்டருக்கு ஒன்றாகக் கிளை வாய்க்கால் வெட்டி, நீரைப் பக்கத்து நிலத்தில் சிறிது சிறிதாகப் பரவவிடுவது நல்லது; நிலத்தின் அமைப்பு இடங்கொடுக்காவிட்டாலும் 100 மீட்டரைத் தாண்ட விடக்கூடாது. கிளை வாய்க்கால் சாலையோடு 30 முதல் 45 பாகைக் கோணத்தில் பிரிய வேண்டும். செங்குத்தாகத் திருப்பினால் நீர் முட்டிக்கொண்டு வண்டலைப் படியவிட்டு, சில மழைகளிலேயே வாய் அடைந்துபோகும். நிலத்துக்கு உரியவரிடம் முன்கூட்டியே பேசி அவர் சம்மதத்தோடு இடம் குறிப்பது மிகவும் தேவையானது. அவரைக் கேட்காமல் வெட்டிய வாய்க்காலை அவர் இரவோடிரவாக மண்போட்டு மூடிவிட்டால், அவரைக் குறைசொல்ல முடியாது. அதேபோல, வீட்டுக்கும் வயலுக்கும் வண்டி இறங்குவதற்காகக் கால்வாயில் மண் கொட்டி வழி அமைத்திருக்கும் இடங்களில், தடுத்து அப்புறப்படுத்துவதைவிட, வழியின் அடியில் ஒரு குழாய் பதித்துக் கொடுப்பதே நிலைக்கும் தீர்வு.

சிறுபாலங்களையும் குழாய்ப் பாலங்களையும் மழைக்கு முன் முற்றாகத் தூர்வாரிவிட வேண்டும். குழாயின் விட்டம் 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் உள்ளே அடைத்ததை எடுப்பது மிகக் கடினம். புதிதாகப் பதிப்பவர்கள் செலவைப் பார்த்து அதற்குக் கீழே இறங்கக் கூடாது, முடிந்தால் 90 சென்டிமீட்டர் வைக்க வேண்டும். நீண்ட கழியில் மண்வெட்டி கட்டி, நீர் வெளியேறும் பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வார வேண்டும். அப்போது தளர்ந்த வண்டல் வெளியேற வழி திறந்திருக்கும். மழைக்காலத்தில் எந்தக் காரணத்துக்காகவும் ஓர் ஆளைக் குழாய்க்குள் இறக்கக் கூடாது: மேலே எங்கோ பெய்த மழையின் நீர் திடீரென வந்து சேரும், பாம்புகள் ஒதுங்குமிடமும் அதுவே. கிளைகளும் சருகுகளும் அதிகம் வரும் ஓடைகளில், குழாயின் வாயிலேயே கம்பிகளை நட்டுத் தடுப்பது தவறு. சில மீட்டர் மேலே, ஓடை அகன்றிருக்கும் இடத்தில் முளைகளை நட்டால், குப்பை அங்கே சிக்கினாலும் நீர் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

பழுதுக்கு வேண்டிய சரளையையும் ஜல்லியையும் வண்டி வரக்கூடிய காலத்திலேயே சாலையோரம் ஆங்காங்கே குவித்து வைத்துக்கொள்ள வேண்டும். சாலை துண்டிக்கப்பட்ட பிறகு சரளை கொண்டுவரும் வண்டியும் அந்தச் சாலையில்தானே வரவேண்டும். குவியல்கள் கால்வாயை அடைக்காத மேட்டில் இருக்கட்டும். தார்ப்பாய் போட்டு மூடினால் நுண்துகள் கரைந்து போகாது.

மழை பெய்யும்போது

சாலையின் குறைகளை அது நனைந்திருக்கும்போது மட்டுமே முழுமையாகப் பார்க்க முடியும். மழை ஓய்ந்த அரை மணி நேரத்துக்குள், அல்லது இடியும் மின்னலும் இல்லாத தூறலின்போதே, மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு சாலையின் முழு நீளத்தையும் நடந்து பார்ப்பவர், வெயிலில் வாகனத்தில் போய்ப் பார்ப்பவரைவிடப் பல மடங்கு தெரிந்துகொள்வார். நீர் எங்கே சாலையைக் குறுக்கே கடக்கிறது, எங்கே நீளவாட்டில் ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எந்தக் குழாயின் மேல்புறத்தில் மட்டம் உயர்ந்திருக்கிறது என்பவற்றைப் பார்த்து, உடனே செய்யக்கூடியவற்றை அங்கேயே செய்துவிட வேண்டும். தேங்கிய நீருக்கு ஓரத்தில் ஒரு வாய் வெட்டினால், அது சில நிமிடங்களில் வடிந்துவிடும். விட்டுவிட்டால் இரவு முழுவதும் ஊறி, காலையில் முதல் வண்டி கடந்ததும் குழியாகிவிடும். உடனே செய்ய முடியாதவற்றுக்கு ஒரு கம்பு நட்டு அடையாளமிட்டு, நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த நேரத்தில் கனரக வண்டிகளைச் சில மணி நேரம் நிறுத்தி வைப்பது மிகுந்த பலன் தரும். கேமரூனின் மண் சாலைகளில் மழை பெய்தவுடன் தடைக்கம்பைத் தாழ்த்தி, சாலை ஓரளவு காயும் வரை லாரிகளை நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து, ஓர் அச்சின் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்ற பொதுவிதி பெறப்பட்டது. அது தளமிட்ட சாலைகளுக்கான கணக்கு. நீரில் ஊறிய மண் சாலையை ஒரே ஒரு பாரவண்டி பயனற்றதாக்கிவிடக்கூடும். நோயாளிகளை ஏற்றும் வண்டிக்கும் பால், காய்கறி போன்ற கெட்டுப்போகும் பொருள்களைக் கொண்டுசெல்லும் இலகு வண்டிக்கும் விலக்கு அளித்து, மற்றவற்றுக்கான நேரத்தை ஊர்க்கூட்டத்தில் முன்பே முடிவு செய்து அறிவித்துவிட்டால் சச்சரவு எழாது.

நீர் சாலையை மூழ்கடித்து ஓடும் தரைப்பாலங்களில் நீரின் ஆழத்தைக் காட்டும் கம்பு நட்டு வைப்பது உயிர் காக்கும் ஏற்பாடு. வேகமாக ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஒருவரை நிலைதடுமாறச் செய்யும். 30 சென்டிமீட்டரில் சிறிய காரை இழுத்துச் செல்லும். 60 சென்டிமீட்டரில் பெரிய வண்டிகளையும் அடித்துச் செல்லும். கம்பில் இந்த மூன்று மட்டங்களையும் இரவிலும் தெரியும் வண்ணத்தில் குறிக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகும் உடனே வண்டியை விடக்கூடாது. கீழ்ப்புற விளிம்பின் அடியில் மண் அரித்துச் சென்று மேல்தளம் மட்டும் அந்தரத்தில் நிற்கக்கூடும். கடப்பாரையால் தட்டி, ஒலியையும் உறுதியையும் சோதித்த பின்னரே திறக்க வேண்டும்.

குழிகளை அடைப்பது

நீர் நிற்கும் குழியில் நேரடியாக மண்ணைக் கொட்டுவது ஊர்தோறும் காணப்படும் வழக்கம். அந்த மண் அடுத்த மழைக்குள் சேறாகிச் சிதறி, முன்பிருந்ததைவிடப் பெரிய குழி எஞ்சும். முறையாகச் செய்வதற்கு முதலில் நீரை இறைக்க வேண்டும். பிறகு அடியிலுள்ள இளகிய சேற்றை உறுதியான மண் தட்டுப்படும் வரை தோண்டி எடுத்து, குழியின் பக்கங்களைச் செங்குத்தாக, சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்ட வேண்டும். பக்கங்கள் சாய்வாக இருந்தால் சக்கரம் அழுத்தும்போது நிரப்பிய பொருள் பிதுங்கி வெளியேறிவிடும். நிரப்புவதற்கு, சாலையில் ஏற்கெனவே உள்ள அதே வகைச் சரளையே மிகப் பொருத்தமானது. 5 முதல் 10 சென்டிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக்கட்டையால் தனித்தனியே இடித்து, கடைசி அடுக்கு சுற்றுப்புறத்தைவிட 1 அல்லது 2 சென்டிமீட்டர் மேடாக நிற்கும்படி முடிக்க வேண்டும். வண்டிகள் ஓடி அதை மட்டமாக்கிவிடும்.

சரளையின் ஈரம் சரியாக இருக்கிறதா என்பதைக் கையிலெடுத்து அழுத்திப் பார்த்தே அறியலாம். பிடித்தபடி உருண்டையாக நின்று, கையில் நீர் கசியாமல் இருந்தால் இறுக்குவதற்கு ஏற்ற பதம். உதிர்ந்தால் சிறிது நீர் தெளிக்க வேண்டும். பிசுபிசுத்தால் அன்றைக்கு அந்த வேலையை நிறுத்திவிடுவது நல்லது. விடாது மழை பெய்யும் நாள்களில் மண் கலக்காத 20 முதல் 40 மில்லிமீட்டர் உடைகல் ஜல்லியைக் குழியில் இறுக நிரப்பித் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். ஜல்லி நீரில் கரையாது. தலையளவுப் பாறைகளையும் உடைந்த செங்கற்களையும் போடக் கூடாது. பாறை நிலைத்து நின்று, அதைச் சுற்றிலும் புதுக்குழி விழும். செங்கல் ஊறிப் பொடியாகும்.

தார்ச்சாலைக் குழிக்கும் நீரை நீக்குதல், செங்குத்தாக வெட்டுதல், அடுக்கடுக்காக இறுக்குதல் ஆகியவை அப்படியே பொருந்தும். ஈரத்தில் சூடான தார்க்கலவை ஒட்டாது என்பதால், மழை நாள்களில் பைகளில் கிடைக்கும், சூடாக்காமலே இடக்கூடிய குளிர்கலவையைப் பயன்படுத்துவதே தகும். தார்ப்பரப்பில் விழுந்த வெடிப்புகளை மழைக்கு முன்பே தார் ஊற்றி அடைத்துவிட்டால், குழிகளில் பல உருவாகவே மாட்டா.

நெடுந்தூரம் சேறாகிப்போன பகுதிக்குக் குழி அடைக்கும் முறை உதவாது. அங்கே முதலில் இருபுறமும் கால்வாயை ஆழப்படுத்தி, சில நாள்கள் நீரை வடியவிட வேண்டும். அதன் பின் சேற்றை வழித்து அகற்றி, அடியில் ஜியோடெக்ஸ்டைல் என்னும், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணியை விரித்து, அதன் மேல் ஜல்லியும் சரளையும் பரப்பி இறுக்கினால், கற்கள் சேற்றுக்குள் அமிழாமல் துணி பிரித்து வைக்கும். துணி கிடைக்காத இடத்தில் கற்களைக் கையால் நெருக்கி அடுக்கி, இடைவெளிகளில் சிறு ஜல்லி போட்டு இடிக்கலாம். சுற்றுப்புற வயல்களைவிடத் தாழ்ந்து கிடக்கும் சாலையை எத்தனை லாரி சரளை போட்டாலும் காப்பாற்ற முடியாது. அதை உயர்த்தியே ஆகவேண்டும்.

சரிவுகளும் மண் அரிப்பும்

மேட்டிலிருந்து இறங்கும் சாலைகளில் பக்கக் கால்வாயே ஓடையாக மாறி, சாலையை அடியோடு அரித்துச் செல்லும். கால்வாயின் சரிவு 4 விழுக்காட்டைத் தாண்டும் இடங்களில் குறுக்கே சிறு கல்தடுப்புகளை அமைக்க வேண்டும். 5 விழுக்காட்டுச் சரிவில் 20 மீட்டருக்கு ஒன்று, 8 விழுக்காட்டில் 10 மீட்டருக்கு ஒன்று, 10 விழுக்காட்டில் 5 மீட்டருக்கு ஒன்று என்பது நடைமுறை அளவு. தடுப்பின் நடுப்பகுதி தாழ்ந்தும் இரு முனைகளும் உயர்ந்து கரைக்குள் புதைந்தும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு சாலைப் பக்கத்தை அரிக்கும். அதன் உச்சி சாலை விளிம்பைவிட 20 சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்கட்டும். நீர் விழும் கீழ்ப்புறத்தில் தட்டைக் கற்களைப் பாவ வேண்டும்.

வெட்டிய மண்சரிவுகளுக்கும் கரைகளுக்கும் வெட்டிவேர் மிகச் சிறந்த பாதுகாப்பு. அதன் வேர்கள் பக்கவாட்டில் படராமல் 3 மீட்டர் ஆழம் வரை நேராக இறங்கக்கூடியவை. அண்டை வயலின் பயிரோடு போட்டியிடுவதும் குறைவு. சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் செல்லும் கோட்டை ஒட்டி, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நாற்றுகளை வரிசையாக நட்டால், அடர்ந்த வேலியாகி வண்டலை நிறுத்தும். பருவத்தின் முதல் மழைகளோடு நட்டுவிட்டால் தனியே நீர் ஊற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

சாலைமேல் சரிந்த மண்ணை அள்ளும்போது, அதைத் தாழ்வான பக்கத்தில் தள்ளிவிடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அந்தப் பாரமே கீழ்ச்சரிவை இளக்கி, அடுத்த மழையில் சாலையையும் சேர்த்து இழுத்துச் செல்லக்கூடும். சாலையின் கீழ்ப்புற விளிம்பை ஒட்டிப் பிறைவடிவில் வெடிப்புகள் தென்பட்டால், அந்தப் பாதியில் போக்குவரத்தை உடனே நிறுத்தி, வெடிப்புகளுக்குள் நீர் இறங்காதபடி களிமண்ணால் அடைத்து, பொறியாளரை அழைக்க வேண்டும். இதில் ஊரார் தம் சொந்தத் துணிவை நம்பிச் செயல்படக் கூடாது.

யார் செய்வது

இவற்றில் பெரும்பாலானவை மண்வெட்டியால் முடியும் வேலைகள். ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தவறாமல் நடக்க வேண்டியவை. கென்யாவில் 1974இல் தொடங்கிய ஊரகச் சாலைத் திட்டத்தில், சாலையோரத்தில் குடியிருப்பவர் ஒருவருக்கே ஒரு குறிப்பிட்ட நீளத்தைப் பகிர்ந்தளித்து, அதைப் பராமரிக்கக் கூலி கொடுத்தார்கள். ஏறத்தாழ 1 முதல் 2 கிலோமீட்டர் வரை ஒருவருக்குக் கொடுக்கும் இத்தகைய ஏற்பாடு பல நாடுகளில் பலன் தந்திருக்கிறது. தம் வாசலை ஒட்டிய கால்வாய் அடைபட்டிருப்பது அவர் கண்ணில் முதலில் படும். வேலையை நாள்கணக்கில் அளக்காமல், கால்வாய் திறந்திருக்கிறதா, நீர் தேங்கவில்லையா, குழாய் அடைபடவில்லையா என்று சாலையின் நிலையைப் பார்த்துக் கூலி கொடுப்பதே முறையானது என்று நான் கருதுகிறேன். வேலை நடக்கும் இடத்தின் இருபுறமும் 50 மீட்டருக்கு முன்னதாகச் சிவப்புக்கொடி நட வேண்டும்; மழையில் ஓட்டுநரின் பார்வையும் பிரேக்கின் பிடிப்பும் குறைந்திருக்கும்.

மழை ஓய்ந்த பிறகு

மழைக்காலத்தின் கடைசி வாரங்களில், சாலையின் மண் சேறாகவும் இல்லாமல் புழுதியாகவும் இல்லாமல் மிதமான ஈரத்தோடு இருக்கும் சில நாள்கள் கிடைக்கும். மேற்பரப்பைச் சீவி வடிவத்துக்குக் கொண்டுவர அதைவிடச் சிறந்த காலம் ஆண்டில் வேறில்லை. முற்றிலும் காய்ந்த பிறகு கிரேடரை ஓட்டினால், நுண்மண் புழுதியாய்ப் பறந்து, பிணைப்பற்ற கற்கள் மட்டும் மேலே நிற்கும். இறுக்குவதற்கும் நீரை லாரியில் கொண்டுவர வேண்டியிருக்கும். அந்த நாள்களைத் தவறவிடாமல் இருக்க, இயந்திரத்தையும் ஆட்களையும் மழை முடிவதற்கு முன்பே ஏற்பாடு செய்துவைக்க வேண்டும்.

சரளைத் தளத்தில் ஆங்காங்கே சிறு குழி தோண்டிக் கனத்தை அளந்து, 15 சென்டிமீட்டராக இருந்தது 5 சென்டிமீட்டராகக் குறைந்திருக்கும் பகுதிகளைக் குறித்து, அவற்றுக்கு மட்டும் புதுச்சரளை போடும் செலவைக் கணக்கிடலாம். மழையின்போது நட்ட அடையாளக் கம்புகளையும் நோட்டுக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு சாலையை மீண்டும் ஒருமுறை நடந்து, ஒரே இடத்தில் இரண்டு, மூன்று முறை நீர் கடந்திருந்தால் அங்கே புதிய குழாய்ப் பாலம் தேவை என்று முடிவு செய்து, அதற்கான விண்ணப்பத்தை இடக்குறிப்போடும் தேதிகளோடும் உரிய அலுவலகத்தில் அடுத்த நிதியாண்டின் திட்டம் முடிவாகும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.